சங்கத்துக் கணினிக்கு வந்த தேர்தல்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. மூன்று இருபதுக்கு, இன்னும் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது, கீழக்கருவக்குடி பாசன விவசாயிகள் சங்கத்தின் ஒரே கணினி திடீரென்று நீல நிறமாகி, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது.

மதிவதனி விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். இருபத்து மூன்று நாட்களாகத் திரையின் மூலையில் அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது: 'இப்போது மறுதொடக்கம் செய்யவா, பிறகு செய்யவா?' வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. அவளும் தினமும் 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். இருபத்து நான்காம் நாள் அது கேட்பதை நிறுத்திவிட்டது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் வரிசையில் முன்னால் நின்ற வைரக்கண்ணு. சங்கத்தின் துணைத் தலைவர். மதிவதனிக்குப் பெரியப்பா முறை.

"அப்டேட் ஆகுது பெரியப்பா. பதினோரு சதவீதம்."

"நிறுத்து."

"நிறுத்த முடியாது. நிறுத்தக் கூடாதுன்னும் போட்டிருக்கு."

"நம்ம கம்ப்யூட்டர நாம நிறுத்தக் கூடாதா?"

மதிவதனி மன்னார்குடிக் கல்லூரியில் கணினி அறிவியலில் முதுகலை முடித்தவள். வாத்தியார்கள் யாரும் இந்தக் கேள்வியைப் பாடத்தில் வைக்கவில்லை. முப்பத்து நான்கு வயதாகி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலும், ஊரில் அவளுக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் பொண்ணு'. அந்தப் பொண்ணு இப்போது கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

காவிரித் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் கடைமடை ஊர் அது. மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே பலர் பல் தேய்ப்பார்கள். ஆகவே சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் புதிதல்ல. சன்னலோரம் நின்றவர், வெளியே மழையில் குடை பிடித்து நின்றவர்களுக்கு அவ்வப்போது அறிவித்தார். "இருபத்தொம்பது... முப்பது தொட்டிருச்சு!" நாற்பத்தேழில் அது அரை மணி நேரம் அசையாமல் நின்றது. "வரத்து நின்னுபோச்சு," என்றார் ஒருவர் கவலையோடு. பிறகு மளமளவென்று ஏறி நூறைத் தொட்டதும் இரண்டு மூன்று பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். திரை இருண்டது. மறுபடி வெளுத்தது. 'இரண்டாம் கட்டம்: ஒரு சதவீதம்' என்று வந்தது. கைதட்டியவர்களில் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு ஐம்பதுக்குக் கணினி திறந்தது. 'வணக்கம். உங்களுக்காகச் சில புதுமைகள் வைத்திருக்கிறோம்' என்றது. எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டது. விளையாட்டில் ஆர்வம் உண்டா என்று விசாரித்தது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்று குழைந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று மதிவதனி அமுக்கிக்கொண்டே போனாள். ஒருவழியாகப் பதிவுப் பக்கம் வந்தபோது, மூலையில் ஒரு மஞ்சள் சூரியன் உதித்து, இன்று நல்ல வெயில் என்றது. வெளியே வாய்க்கால் தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒருவருடைய கைரேகை விழுந்து, பதிவு ஏறியது. மணி ஐந்து.

மிச்சம் பதினான்கு பேர். அதில் வைரக்கண்ணு ஒருவர். வரிசையில் முன்னால் நின்றிருந்தும், பின்னால் காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு இடம் விட்டுக் கொடுத்திருந்தார். தர்மாம்பாள் இன்னொருத்தி. அறுபத்தேழு வயதில், புருஷன் விட்டுப்போன மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, தனியாகப் பயிர் செய்பவள். யாரும் மதிவதனியைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வைரக்கண்ணு மட்டும் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கீழ ஏதோ செவப்புல போட்டிருக்கே, அத வாசி."

"'உங்கள் கணினி அடுத்த பதிப்புக்குத் தகுதி பெறவில்லை.' பழசாயிருச்சாம் பெரியப்பா. புதுசு வாங்கணுமாம்."

வைரக்கண்ணுவின் முகம் மாறியது. "தகுதி இல்லியா? யாருக்குத் தகுதி இல்லன்னு எவன் சொல்றது?" என்றார். அவரும் மதிவதனியின் அப்பாவும் இதே வயல்களில் பண்ணையாட்களின் பிள்ளைகளாகப் பிறந்து, சொந்தமாக இரண்டு ஏக்கர் என்று நிமிர்வதற்கு ஐம்பது வருடம் ஆயிற்று. அந்தச் சொல்லை அவர் வேறு இடங்களில், வேறு வாய்களிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறார்.

அன்று மாலையே, வருடா வருடம் நடப்பது போல, கெடுவைப் பதினைந்து நாள் நீட்டித்து அறிவிப்பு வந்தது. மதிவதனிக்கு மூச்சு வந்தது. திங்கட்கிழமை காலை சீக்கிரமே கிளம்பி அலுவலகம் போனாள். கதவில் புதுப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு காகிதம்: 'கணினி தொடர்பாகப் பொதுக்குழு முடிவெடுக்கும் வரை அதை யாரும் தொடக் கூடாது. இப்படிக்கு, தலைவர்.'

தலைவர் தியாகராசன் அரிசி ஆலை வைத்திருப்பவர். கணினியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் மேடைகளில் 'நம்ம சிஸ்டம்' என்றுதான் சொல்வார். மதிவதனி நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, பாக்கி பதினாலு பேருதான். ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவேன். தொறந்து மட்டும் விடுங்க."

"அவசரப்படாத மதி. வேரப் பாக்கணும். சிங்கப்பூர்லேருந்து மாப்ள பேசுனாரு. சிஸ்டமே தப்பாம். நம்ம ஊருக்கு எந்த சிஸ்டம் சரின்னு தீர்மானம் போட்டுட்டுத்தான் அடுத்த வேல."

"அப்ப பதினாலு பேரையும் ஒரு வேன் புடிச்சு மன்னார்குடிக்கு அழைச்சிட்டுப் போறேன். அங்க பதிஞ்சிக்கலாம்."

தியாகராசன் சிரித்தார். "நல்லா இருக்கே. சங்கம் வச்சிருக்கிற ஊரு, அடுத்த ஊர்ல போயி நிக்கிறதா? கேக்கிறவன் என்ன நெனைப்பான்? நீ வீட்டுக்குப் போம்மா. கூப்புடுவாங்க."

மதிவதனி வீட்டுக்குப் போனாள். கோபத்தில் ஒரே அரிசியை நான்கு முறை களைந்தாள்.

அடுத்த நாள் வைரக்கண்ணு கூத்தாநல்லூருக்குப் போய், அங்கே கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் சுஹைபைத் தன் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். டீக்கடை பெஞ்சில் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்து சுஹைப் விளக்கினான். பழைய கணினியிலும் ஓடும், கேட்காமல் எதுவும் செய்யாது, பேர் லினக்ஸ்.

"என்ன வெலை?"

"வெலையே இல்லங்க. உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுனது. யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"மொதலாளி யாரு?"

"மொதலாளின்னு யாரும் இல்லங்க."

வைரக்கண்ணுவின் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருடம் கொடி பிடித்தவர் அவர். "நெலத்துக்குக் கேட்டோம், தொண்ட கிழியக் கேட்டோம்," என்றார் கடைசியில். "இவனுங்க சத்தமே இல்லாம கம்ப்யூட்டர்ல கொண்டாந்துட்டானுங்களே!"

அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. தலைவர் பக்கம் கம்பெனி சிஸ்டம்: புதுக் கணினி வாங்கி, கம்பெனியே அனுப்பும் புதிய பதிப்பைப் போட வேண்டும். துணைத் தலைவர் பக்கம் லினக்ஸ். வாய்க்கால் தூர் வாரும்போதுகூட இரண்டு பக்கமும் தனித்தனிக் கரையில் நின்றது. லினக்ஸ் போட்டால் மின்சாரம் குறைவாக இழுக்கும் என்றார்கள். அதில் தமிழ் வராது, மலையாளம்தான் வரும் என்று எதிர்த்தரப்பு பரப்பியது. கம்பெனி சிஸ்டத்தில் பெயர் ஏறினால் அது அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, தன் பெயர் அமெரிக்கா போகிறதென்றால் போகட்டுமே என்று இரண்டு பேர் கட்சி மாறினார்கள். 'சும்மா கொடுப்பவன் நாளைக்கு என்ன கேட்பான்?' என்று தியாகராசன் ஆலை வாசலில் நின்று கேட்டார். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் சும்மா வந்த மிக்சியும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வி அவ்வளவாக எடுபடவில்லை.

இதற்கு நடுவில் மதிவதனி தினமும் பூட்டிய கதவு வரை போய்விட்டுத் திரும்பினாள். எந்த சிஸ்டம் நல்லது என்று ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். தினமும் அதன் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்கிறவளை யாரும் கேட்கவில்லை. தர்மாம்பாள் மட்டும் ஒருநாள் வழியில் நிறுத்தி, "என் பதிவு இருக்கா, போச்சா? அத மட்டும் சொல்லுடி," என்றாள்.

"இருக்கு அத்தை. இன்னும் நாள் இருக்கு."

"போன தடவ தண்ணி நின்னு முழுசும் அழுவிப்போச்சு. இந்தத் தடவயும் வானம் சரியில்ல."

எட்டாம் நாள் பொதுக்குழு கூடியது. சங்கத்து வாசலில் தார்ப்பாய் கட்டி, அறுபத்து மூன்று உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். களத்தில் மூன்றாவதாக ஒரு வேட்பாளரும் இருந்தது. சிங்கப்பூர் மாப்பிள்ளை தான் பயன்படுத்திய வெள்ளி நிற மடிக்கணினியைச் சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது வேறு ஒரு கம்பெனி, வேறு ஒரு சிஸ்டம். கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் தலைவரின் மகள் போன் செய்து, அது தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டதால் அந்த வேட்புமனு திரும்பப் பெறப்பட்டது.

தியாகராசன் வளர்ச்சியைப் பற்றிப் பேசினார். வைரக்கண்ணு அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசினார். நடுவில் மதிவதனி எழுந்து, "நான் ஒண்ணு சொல்லலாங்களா? கைரேகை மெஷினு..." என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா, பேசி முடிச்சிரட்டும்," என்றது தலைவர் பக்கம்.

"உக்காரு தாயி, அப்புறம் சொல்லலாம்," என்றது துணைத் தலைவர் பக்கம். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக இருந்தன.

கை தூக்கி ஓட்டெடுப்பு நடந்தது. மதிவதனிக்கு ஓட்டு இல்லை. நிலம் அப்பா பெயரில் இருக்கிறது, அவள் சங்கத்தின் ஊழியர். கைகளை எண்ணிச் சொல்லும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது. லினக்ஸுக்கு முப்பத்து நான்கு. கம்பெனிக்கு இருபத்தெட்டு. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணுவுக்குத் துண்டு போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி சுஹைபுக்குப் போர்த்தினார்.

பத்தாம் நாள் சுஹைப் வந்து பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைத்து, முழுவதும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டான். மதிவதனிக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. விளக்குப் போட்டது போலத் திறந்தது. நிறம் கேட்கவில்லை, விளையாட்டுக்குக் கூப்பிடவில்லை, வானிலை சொல்லவில்லை. சும்மா இருந்தது. ஒரு பொருள் இவ்வளவு மரியாதையாக அவளிடம் நடந்துகொண்டு வெகு நாளாயிற்று.

வைரக்கண்ணு பெருமையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உறுப்பினர் பட்டியலத் தொற. எம் பேரக் காட்டு."

திறந்தாள். பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மேற்கோள் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன.

"எம் பேரு எங்க?"

"இதுதான் பெரியப்பா."

"எது, இந்தக் கோழி கிண்டுனதா?"

"பட்டியல் பழைய எழுத்துருவுல அடிச்சது. அந்த எழுத்துரு இதுல இல்ல. போட்டா வந்துரும்." பழைய நகலிலிருந்து எழுத்துருவை எடுத்து அவள் போட்டதும், வைரக்கண்ணு தன் கொம்போடும் சுழியோடும் முழுசாகத் திரும்பி வந்தார். அவர் அதை இரண்டு முறை வாசித்து உறுதி செய்துகொண்டார்.

பிறகு கைரேகைக் கருவியைச் செருகினாள். விவசாயி விரல் வைக்காமல் பதிவு ஏறாது. கருவியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. சுஹைப் மூன்று மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தான். கருவி செய்தவர்கள் லினக்ஸுக்கென்று மென்பொருள் எழுதவே இல்லை.

"இதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்," என்றாள் மதிவதனி. வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

செய்தி அரிசி ஆலைக்கு எட்டியதும் தியாகராசன் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவசரக் கூட்டம் கூட்டினார். இரண்டு நாள் பேசி, ஒரே கணினியில் இரண்டையும் போடுவது என்று கூட்டணி முடிவானது. சுஹைப் அது முடியும் என்றான். திறக்கும்போது ஒரு பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். உடனே அந்தப் பட்டியலில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. அகரவரிசைப்படி போடலாம், 'கம்பெனி' முதலில் வரும் என்றார் தலைவர். அப்படியானால் லினக்ஸின் பெயரை 'இலவசம்' என்று போடுங்கள், ககரத்துக்கு முன்னால் இகரம்தானே என்றார் வைரக்கண்ணு. இதில் இன்னும் இரண்டு நாள் போயிற்று.

பதினைந்தாம் நாள், கடைசி நாள், காலை பத்து மணிக்கு சுஹைப் கம்பெனி சிஸ்டத்தின் பழைய பதிப்பைப் போடத் தொடங்கினான். அது உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக, தான் இல்லாத நாட்களில் என்னென்ன தவறவிட்டேன் என்று பார்த்து, மொத்தத்தையும் கொண்டுவரச் சொன்னது. திரை நீலமாயிற்று. இரண்டு சதவீதம்.

கூட்டம் கூடியது. தியாகராசன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு பத்தொன்பது சதவீதம். சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. ஒன்றரைக்கு முப்பத்தாறு.

"மதி, அந்த ரப்பர் ஸ்டாம்ப எடுத்தா," என்றார் தியாகராசன். "கூட்டணித் தீர்மானத்துல இன்னும் முத்திரை வைக்கல."

மதிவதனி அலமாரியைத் திறந்தாள். முத்திரைகளும் மைப்பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. கைரேகைக் கருவி வாங்கியபோது வந்த பெட்டி அது. முத்திரையை எடுக்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் கண் போயிற்று. கருவியின் படம், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் கணினி. அதற்குக் கீழே இன்னொரு கம்பி. அதன் முனையில் ஒரு கைபேசி.

அவள் பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பார்த்தாள். முத்திரையைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு சுஹைபை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்த மெஷின் போன்ல வேல செய்யுமா?"

"செய்யுங்க்கா. ஆப் இருக்கு. போன்ல மாட்டுறதுக்குச் சின்ன கனெக்டர் ஒண்ணு வேணும், எம் பையிலயே இருக்கும்."

மதிவதனி அவனையே பார்த்தாள். "ஏந்தம்பி, இத மொத நாளே சொல்லக் கூடாதா?"

சுஹைப் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "எந்த சிஸ்டம் நல்லதுன்னுதாங்க்கா கேட்டாங்க. வேல எப்புடி முடியும்னு யாரும் கேக்கல."

உள்ளே யாரோ "முப்பத்தெட்டு!" என்றார்கள்.

அவள் கருவியையும் கனெக்டரையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மதகுப் பாலத்தின் மேல்தான் சிக்னல் நன்றாக வரும். அங்கே நின்று ஆப்பை இறக்கினாள். பாலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பதினான்கு பேரில் ஒருவர். தூண்டிலைக் கீழே வைக்கச் சொல்லி, விரலைத் துடைத்து வைக்கச் சொன்னாள். பச்சை வெளிச்சம் வந்தது. பதிவு எண் வந்தது. மதிவதனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தூண்டில்காரர், "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாங்க."

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. ரேஷன் கடை வாசலில் இரண்டு பேர். ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் மூன்று பேர். கை கழுவி வரும்வரை காத்திருந்து, சாம்பார் வாசனையோடு விரல்களை வாங்கினாள். மடை திறந்துகொண்டிருந்த ஒருவரிடம் வரப்பில் சறுக்கி விழுந்து முழங்கால் வரை சேறோடு எழுந்து போனாள். பைக்குள் கருவி நனையவில்லை. நான்கு மணிக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது.

தர்மாம்பாள் தன் வயலில் வடிகால் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்து கட்டைவிரலை வைத்தாள். 'மீண்டும் வைக்கவும்' என்றது கைபேசி. அடுத்த விரல். மீண்டும் வைக்கவும். ஐம்பது வருடம் நாற்று நட்ட விரல்கள். ரேகையெல்லாம் சேற்றுக்குள்ளேயே தேய்ந்து போயிருந்தன. மதிவதனி அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். வலது கையில் ஐந்தும் தோற்றன. இடது கையில் நான்கு தோற்றன.

"விட்டுரு மதி. நமக்கு இல்லன்னா இல்ல."

"சும்மா இருங்க அத்தை. சுண்டு விரல வைங்க."

இடது சுண்டுவிரல். கைபேசி ஒரு கணம் யோசித்தது. பச்சை.

தர்மாம்பாள் அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த நாயி மட்டும் இத்தன வருஷமா வேலையே செய்யாம எங்கள ஏமாத்திருக்கு பாரு," என்று சொல்லி உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்சம் வைரக்கண்ணு. அவர் சங்கத்தில் இல்லை. கைரேகைக் கருவி கைவிட்ட நாளிலிருந்து கூட்டணிப் பேச்சுக்கு மட்டும் போய்விட்டு மற்ற நேரமெல்லாம் வீட்டிலேயே இருந்தார். மதிவதனி கருவியை நீட்டியதும் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி போனு?"

"அத அப்புறம் சொல்றேன் பெரியப்பா. மணி நாலே முக்கா. வெரல வைங்க."

"உள்ள என்ன சிஸ்டம்?"

"வெரல!"

மதிவதனி அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. வைரக்கண்ணு விரலை வைத்தார். பதிவு எண்ணை அவள் வாசித்துக் காட்டியதும், "உள்ள லினக்ஸு கொஞ்சம் இருக்குமில்ல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இருக்கிறது என்றாள். அது பொய்யும் இல்லை; அந்தப் போனின் அடித்தளம் லினக்ஸ்தான். அவர் முகம் தெளிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

சங்கத்துக்குள் நுழைந்தபோது ஐந்தடிக்க மூன்று நிமிஷம். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார்கள். தொண்ணூற்றொன்பது. நூறு. திரை திறந்து, வணக்கம் சொல்லி, எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"மதி எங்க? வாம்மா, வா. உக்காந்து ஆரம்பி," என்றார் தியாகராசன்.

"முடிஞ்சிருச்சு தலைவரே. பதினாலும் பதிஞ்சாச்சு."

கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுல?" என்றார் தியாகராசன். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து குரல்கள் அதையே கேட்டன. "எதுல பதிஞ்ச? கம்பெனியிலயா, லினக்ஸுலயா?"

மதிவதனி சேற்றுக் காலோடு முன்னே வந்தாள். பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். பதினான்கு பதிவு எண்களும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்தாள். எதில் என்று அவள் சொல்லவில்லை.

"தலைவரே, ரூம் சாவி எனக்கு வேணும். ஒரு சாவி இல்ல, இருக்கிற ரெண்டும். இனிமே இந்தக் கதவு எப்ப பூட்டணும், எப்ப தொறக்கணும், உள்ள எது ஓடணும்னு நான் பாத்துக்குவேன்."

"அதுக்கென்ன, அடுத்த பொதுக்குழுவுல வச்சுப் பேசி..."

"இப்ப வேணும்."

தியாகராசன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் தர்மாம்பாள் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். பந்தியிலிருந்து வந்த மூவரும் நின்றிருந்தார்கள். வைரக்கண்ணு மதிவதனிக்குப் பின்னால் போய் நின்றார். தலைவர் தன் கார் சாவிக் கொத்தை எடுத்தார். அந்த வளையம் மிகவும் இறுக்கமானது. சங்கத்துச் சாவிகளை அதிலிருந்து கழற்ற அவருக்கு நகம் இரண்டு முறை வழுக்கியது. நாற்பது பேரும் அதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானப் புத்தகத்தில், 'கணினியின் உதவியால் பதினான்கு பதிவுகளும் உரிய காலத்தில் நிறைவேற்றப்பட்டன; இதற்காகத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் நன்றி' என்று எழுதி முத்திரை வைத்தார்கள். மதிவதனி அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. சாவிகளைத் தாலிக்கொடியில் இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் மழை விட்டு, பயிர் கதிர் விடப் பொதி கட்டியது. கணினியில் இப்போதும் இரண்டும் இருக்கின்றன. எதை எப்போது திறப்பது என்பது மதிவதனியின் இஷ்டம். தியாகராசன் ஆலையிலிருந்து ஆள் அனுப்பி ஏதாவது வேலை சொன்னால், அவள் நேரம் சொல்கிறாள். அந்த நேரத்துக்கு அவர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வைரக்கண்ணு வந்து, லினக்ஸைத் திறந்து காட்டச் சொல்கிறார். அது திறப்பதைப் பார்க்கிறார். வேலை என்று ஒன்றும் இல்லாததால், மதிவதனி போட்டுக் கொடுக்கும் சீட்டு விளையாட்டைக் கொஞ்ச நேரம் விளையாடித் தோற்றுவிட்டு, முதலாளி இல்லாத பொருள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று வழியில் பார்ப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்.